அத்தியாயம் 6: ஒவ்வொரு ராக்கெட்டும் இரண்டு தடவை பறக்கட்டும்

பள்ளிகளில் நடக்கும் ராக்கெட் பட்டறைகள் பலவற்றுக்கும் ஒரே அமைப்புதான். காலை எட்டு மணிக்குப் பதிவு. தலைமையாசிரியர் உரை, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் உரை. அப்புறம் இரண்டு மணி நேரம் வெட்டல், ஒட்டல், வண்ணப் பூச்சு. பத்தரைக்கு நாசி லெமாக். பதினொன்றரைக்குத் திடலில் ஏவுதல், குழுவுக்கு ஒரு தடவை. மேலே போனவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். பாதி உயரத்தில் குட்டிக்கரணம் அடித்துப் புல்லில் விழுந்த ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைக்கு, அது ஏன் விழுந்தது என்று கேட்கக்கூட நேரம் இருக்காது. குழுப்படம் எடுத்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் பிள்ளை கேள்வியோடு நிற்கும் நேரத்தில்தான் அறிவியல் தொடங்குகிறது. பட்டறையோ அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த அத்தியாயம் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: முதல் ஏவுதல் ஒன்பதே முக்காலுக்குள் முடிய வேண்டும், அதே ராக்கெட் திருத்தப்பட்டு பதினொரு மணிக்கு மறுபடி ஏற வேண்டும். பொருள், ஆள், திடல், பரிசு என்று இனி வரும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த இரண்டாவது பறப்புக்காகத்தான்.

மருந்து ராக்கெட்டா, தண்ணீர் ராக்கெட்டா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மாதிரி ராக்கெட் என்று படங்களில் பார்ப்பது அட்டைக் குழாயும் கருமருந்து மோட்டாரும் கொண்ட அமெரிக்க வகை. நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் 1954-இல் அதன் முதல் வடிவத்தைச் செய்தார். 1957-இல் ஸ்புட்னிக் ஏறியதும் அமெரிக்கப் பையன்கள் இரும்புக் குழாயில் கண்ட மருந்தையும் அடைத்துக் கை விரல்களை இழந்துகொண்டிருந்தார்கள். தொழிற்சாலையில் செய்த மோட்டார் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைத்தது. வெர்ன் எஸ்டஸ் அதை இயந்திரத்தில் செய்து பரவலாக்கினார். மலேசியாவில் நிலைமை வேறு. 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இங்கே கடுமையானது. உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். தீபாவளிப் பட்டாசைப் பிரித்து மருந்தெடுத்து 'சின்னதா ஒண்ணு' செய்து காட்டும் ஆர்வம் எந்த மாமாவுக்கு வந்தாலும் பட்டறை வாசலிலேயே தடுத்துவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

தண்ணீர் ராக்கெட் அதற்கு மட்டமான மாற்று இல்லை. ஆசிய பசிபிக் வட்டார விண்வெளி முகமைகளின் மன்றம் 2005-இல் ஜப்பானின் கித்தாக்கியூஷுவில் தன் நீர் ராக்கெட் நிகழ்ச்சியைத் தொடங்கியது. பல நாட்டு மாணவர்கள் அதற்கென்றே கூடுகிறார்கள். அந்த மன்றம் 2012 டிசம்பரில் கோலாலம்பூரிலும் கூடியிருக்கிறது. விண்வெளி முகமைகளே பிள்ளைகளுக்கென்று தேர்ந்தெடுத்த வகை இது. நியூட்டனின் மூன்றாம் விதி, அழுத்தம், ஈர்ப்பு மையம், காற்றுத் தடை என்று பெரிய ராக்கெட்டில் உள்ள எல்லாமே இதிலும் உண்டு. தீ மட்டும் இல்லை.

அழுத்தம் என்ன செய்கிறது என்பதை ஒருங்கிணைப்பாளர் எண்களோடு தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒன்றரை லிட்டர் போத்தலில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் 60 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 4 பார், காற்று ஏற்றினால், போத்தல் வாய் வழியே தண்ணீர் வினாடிக்கு சுமார் 28 மீட்டர் வேகத்தில் பீய்ச்சுகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டர்! பிளஸ் நெடுஞ்சாலையில் மலாக்காவின் ஆயர் கெரோ நோக்கிப் போகும் காரின் வேகம் அது. தண்ணீர் முழுதும் வெளியேறப் பத்தில் ஒரு பங்கு வினாடிகூட ஆவதில்லை. தொடக்கத்தில் கிடைக்கும் உந்துவிசை ஏறக்குறைய 300 நியூட்டன். தண்ணீரோடு சேர்ந்து முக்கால் கிலோவும் தேறாத ராக்கெட்டை அது தள்ளுகிறது. எடையைவிட நாற்பது மடங்குக்கு மேற்பட்ட தள்ளு என்பதால்தான் சரியாக ஒட்டாத சிறகு ஏவுதளத்திலேயே கழன்று விழுகிறது. 'டேப் போதும் சார்' என்று சொல்லும் பிள்ளையிடம் இந்தக் கணக்கைச் சொல்லலாம். அல்லது முதல் பறப்பு தானே சொல்லட்டும் என்று விட்டுவிடலாம். இரண்டாவதே மேல்.

இனி பொருள்கள். போத்தல் விஷயத்தில் ஒரே விதி: வாயு அடைத்த பானம் இருந்த போத்தல் மட்டும். ஒன்றரை லிட்டர் 100 பிளஸ், எஃப் அண்ட் என் ஆரஞ்சு, கோலா எதுவும் சரி. அடிப்பகுதி ஐந்து கால் விரித்தது போல் இருந்தால் அது அழுத்தம் தாங்கச் செய்த போத்தல். குடிதண்ணீர் போத்தலும் சமையல் எண்ணெய்ப் போத்தலும் வேண்டவே வேண்டாம், அவை மெல்லியவை. புதிய குளிர்பானப் போத்தல் 60 பிஎஸ்ஐயைப் போல் இரண்டு மடங்குக்கு மேலும் தாங்கும். ஆனால் கீறல் விழுந்தாலோ, மடிந்தாலோ, சூடு பட்டாலோ அந்த நம்பிக்கை போய்விடும். அதனால் சூட்டுப் பசைத் துப்பாக்கியைப் போத்தல் மேல் வைக்கக் கூடாது. சேகரித்த போத்தல்களைக் கார் பூட்டில் வெயிலில் போட்டு வைக்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு தடவை பறந்த போத்தல், பார்க்க நன்றாக இருந்தாலும், ஓய்வு பெறட்டும்.

சிறகுக்கு இம்ப்ராபோர்டு எனும் பிளாஸ்டிக் பலகையைவிட நல்ல பொருள் கிடையாது. விலை குறைவு, தண்ணீரில் ஊறாது, வெட்டுக்கத்திக்கு எளிதில் பணியும். 2021 நவம்பர் 20 மாநிலத் தேர்தல் முடிந்தபோது மலாக்கா முழுக்கக் கம்பங்களில் கட்சிப் பதாகைகளாகத் தொங்கியதும் அந்தப் பலகைதான். அடுத்த தேர்தல் முடிந்ததும் கட்சிக் கிளையில் அனுமதி கேட்டு ஒரு கட்டு வாங்கி வைத்தால் பல பட்டறைக்குக் காணும். பலகைக்குள் ஓடும் குழாய் வரிகள் எந்தத் திசையில் இருந்தால் சிறகு வளையாது என்பதை வெட்டும் முன் பிள்ளைகளே வளைத்துப் பார்க்கட்டும். மூக்குக் கூம்புக்கு இன்னொரு போத்தலின் மேற்பகுதி, நுனியில் பாதி டென்னிஸ் பந்து, உள்ளே பிளாஸ்டிசின் களிமண். அழுத்தம் ஏறும் போத்தலை எந்தக் காரணத்துக்கும் வெட்டவோ துளைக்கவோ கூடாது. கூம்பைத் தனியாகச் செய்து அந்தப் போத்தலின் அடிப்பக்கத்தில் டேப்பால் இணைத்தால் போதும்.

ஏவுதளம்தான் பட்டறையின் முதுகெலும்பு. அதை முதல் நாளே செய்து, ஐந்தாறு தடவை ஏவிப் பார்த்துவிட வேண்டும். அரை அங்குல பிவிசி குழாயின் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். குளிர்பானப் போத்தலின் வாய்க்குள் அது அளவெடுத்ததுபோல் நுழையும். ஒரு ரப்பர் வளையம் போட்டால் காற்றுக் கசியாது. குழாயைச் சுற்றிக் கேபிள் டைகளை நிற்கவைத்து, அவற்றின் தலைகள் போத்தல் கழுத்து விளிம்பைப் பற்றிக்கொள்ளும்படி கட்ட வேண்டும். மேலே ஒரு பெரிய குழாய்த் துண்டு வளையமாக அவற்றை இறுக்கிப் பிடிக்கும். கயிற்றை இழுத்தால் வளையம் கீழே இறங்கும், கேபிள் டைகள் விரியும், ராக்கெட் போய்விடும். கயிறு குறைந்தது பத்து மீட்டர் இருக்கட்டும். அழுத்தமானியும், எட்ட நின்றே காற்றைத் திறந்துவிடும் ஒரு குழாயும் இல்லாத ஏவுதளத்தைத் திடலுக்குக் கொண்டுவரக் கூடாது. கயிறு இழுத்தும் போத்தல் கிளம்பாத நேரம் நிச்சயம் வரும். அப்போது யாரும் கிட்டே போய்க் குனிந்து பார்க்காமல் தூரத்திலிருந்தே காற்றை வெளியேற்ற வழி இருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு இன்ஜினியர் தேவை என்று பலர் தயங்குகிறார்கள். தோட்டத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் கிடைத்தால் அவரே போதும். குழாய், வால்வு, கசிவு எல்லாம் அவர் கைக்குப் பழகியவை. அவர் வந்து நின்று செய்வதைப் பேரப்பிள்ளை பார்ப்பதும் பட்டறையின் பயன்தான். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் அண்ணன், குழாய் வேலை செய்யும் பெற்றோர் என்று ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியைச் சுற்றியும் இத்தகைய கைகள் இருக்கின்றன. கணக்கும் இயற்பியலும் விளக்க ஆள் வேண்டுமானால் டுரியான் துங்கலில் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிலும் படிக்கும் இந்திய மாணவர்களை அழைக்கலாம். ஒரே நிபந்தனை: வருகிறவர்கள் பிள்ளையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கக் கூடாது.

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் கணிசமானவை சிறியவை. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியாகிவிட்ட பிறகும் பெயரில் மட்டும் 'லாடாங்' ஒட்டியிருக்கும் பள்ளிகளும் உண்டு. ஆறாம் ஆண்டில் பத்துப் பிள்ளைகள்கூட இல்லாத இடத்தில் இரண்டு பள்ளிகள் சேர்ந்து நடத்துவது நல்லது. குழுக்களையும் கலந்து அமைக்க வேண்டும். இருபத்து நான்கு பிள்ளைகள் என்றால் மூவர் கொண்ட எட்டுக் குழு. நான்கு பேர் ஆனால் ஒரு பிள்ளை சும்மா நிற்கும். பொறுப்புகள் மூன்று: பம்பு அடிப்பவர், கயிறு இழுப்பவர், அளந்து எழுதுபவர். இங்கே ஒரு பழக்கத்தை உடைத்தே ஆக வேண்டும். கலப்புக் குழுவில் பம்பும் கயிறும் பையன்களிடமும், நோட்டுப் புத்தகம் பெண் பிள்ளையிடமும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். இரண்டாம் பறப்பில் பொறுப்புகள் கட்டாயம் மாற வேண்டும் என்று காலையிலேயே அறிவித்துவிட்டால் சண்டை இல்லை.

ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தண்ணீர் ராக்கெட்டில் சேர்க்க வேண்டாம். அவர்களுக்கு உறிஞ்சு குழாயில் ஊதிப் பறக்கவிடும் காகித ராக்கெட்டே சரி. வகுப்பறை மேசையிலேயே நடத்திவிடலாம்.

திடலுக்கு வருவோம். தோட்டப்பள்ளித் திடல் விசாலமானது, ஆனால் ஓரத்தில் செம்பனை நின்றால் கவனம் தேவை. மட்டைக் காம்பின் முள்ளில் சிக்கிய ராக்கெட்டை எடுக்க எந்தப் பிள்ளையும் மரத்தில் ஏறக் கூடாது. நீளமான அறுவடைக் கம்பு வைத்திருக்கும் பெரியவர் வரும்வரை அது அங்கேயே தொங்கட்டும். மின்கம்பி இருக்கும் பக்கம் ஏவுதளத்தை வைக்கவே வேண்டாம். பத்து பெரெண்டாமில் விமான நிலையம் இருக்கிறது. அந்த வட்டாரத்துப் பள்ளிகள் விமானங்கள் தாழப் பறக்கும் பாதையின் கீழ் ஏவாமல் வேறு திடல் பார்ப்பதே முறை. கூட்டம் ஏவுதளத்திலிருந்து குறைந்தது பதினைந்து மீட்டர் தள்ளி, கயிறு கட்டிய எல்லைக்குப் பின்னால், காற்று வரும் திசைக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். பம்பு அடிக்கும் பிள்ளைக்குக் கண் கவசம். காற்று ஏறிய போத்தலுக்கு மேலே யாரும் தலை நீட்டக் கூடாது. வானத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெரியவர் தனியாக நின்று, விழும் ராக்கெட்டைக் கண்டு குரல் கொடுக்கட்டும்.

நேரத்துக்கும் காரணம் உண்டு. மலாக்கா கடற்கரை மாநிலம். முற்பகல் ஏற ஏற நீரிணையிலிருந்து கடற்காற்று வலுக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மழை அடிக்கடி வரும். இடி கேட்டால் திடலில் ஒரு பிள்ளையும் நிற்கக் கூடாது. ஆகவே பறப்பு இரண்டும் நண்பகலுக்குள் முடிந்தாக வேண்டும். ஒரு ஏவுதலுக்குத் தண்ணீர் ஊற்றி, பொருத்தி, பம்பு அடிக்க மூன்று நிமிடம் ஆகும். எட்டுக் குழுவுக்கு இருபத்து நான்கு நிமிடம். தடங்கல்களுக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கினால் போதும். எட்டே காலுக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முதல் ராக்கெட் தயாராக வேண்டுமானால், கூம்புகளை முன்னதாகவே வெட்டி வைக்க வேண்டும். உரைகளை மதிய உணவுக்கு முன் வைத்துக்கொள்ளலாம். வண்ணம் பூசுவதும் முதல் சுற்றில் கிடையாது. உரைகளைத் தள்ளிப்போடச் சொல்வது சங்கடமான வேலைதான், ஆனாலும் சொல்ல வேண்டும். காலையின் முதல் முக்கால் மணி நேரம் பிள்ளைகளுக்குச் சொந்தம்.

முதல் சுற்றில் எல்லா வகை விபரீதமும் நடக்கும், நடக்கட்டும். ஒன்று நேரே ஏறும். ஒன்று கிளம்பியதும் புரளும். ஒன்று சிறகை ஏவுதளத்திலேயே விட்டுவிட்டுப் போகும். அப்போது வரும் கேள்விகளுக்கு உடனே விடை சொல்லாமல் இருப்பதுதான் ஒருங்கிணைப்பாளருக்கு மிகக் கடினமான வேலை.

"சார், எங்க ராக்கெட் மட்டும் ஏன் சார் சுத்துது?"

"நீயே சொல்லுய்யா. விரல் மேல வெச்சுப் பாரு, எங்க சமநிலையா நிக்குது?"

தண்ணீர் இல்லாத ராக்கெட்டை விரல் மேல் நிறுத்தினால் ஈர்ப்பு மையம் தெரிந்துவிடும். அதே ராக்கெட்டின் பக்கத்தோற்றத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டையை விரல் மேல் நிறுத்தினால் காற்றழுத்த மையம் ஏறக்குறையத் தெரியும். ஈர்ப்பு மையம் மூக்குப் பக்கமாகவும் காற்றழுத்த மையம் சிறகுப் பக்கமாகவும் இருந்தால் ராக்கெட் நேராகப் போகும். இரண்டும் ஒட்டி இருந்தால் புரளும். பிறகு ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்க்கலாம். மூக்கை முன்வைத்துச் சுற்றினால் தயார், இல்லையென்றால் மூக்கில் களிமண் சேர்க்க வேண்டும் அல்லது சிறகைப் பெரிதாக்க வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது முழுதும் புரியும். சூத்திரம் எதுவும் தேவையில்லை.

திருத்தும் நேரத்தில் ஒரு விதி மட்டும் கண்டிப்பு: ஒரு குழு ஒன்றை மட்டுமே மாற்றலாம். களிமண்ணா, சிறகா, தண்ணீர் அளவா? மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. தண்ணீர் அளவை எடுத்துக்கொண்ட குழுக்களுக்குக் கால் லிட்டர், அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று பிரித்துக் கொடுக்கலாம். தண்ணீர் கூடினால் தள்ளுவதற்குக் காற்று குறையும், தண்ணீர் குறைந்தால் தள்ளுவதற்குப் பொருள் குறையும். மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான் நல்ல உயரம் கிடைக்கும் என்பதைத் தங்கள் வரைபடத்தில் அவர்களே பார்ப்பார்கள்.

உயரம் அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு பாகைமானி, அதன் மையத்தில் நூல், நூல் முனையில் ஒரு நட். விளிம்பில் உறிஞ்சு குழாயை ஒட்டி அதன் வழியே ராக்கெட்டின் உச்சியைப் பார்த்தால் நூல் கோணத்தைக் காட்டும். ஏவுதளத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று 50 பாகை கிடைத்தால், கட்டத்தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு 5 மீட்டர் என்று முக்கோணம் வரையச் சொல்ல வேண்டும். உயரம் 36 மீட்டர் அளவில் வரும். பார்த்த பிள்ளையின் கண் உயரத்தையும் கூட்டினால் 37. முக்கோணவியல் படிக்காத பிள்ளையும் தன் ராக்கெட்டின் உயரத்தைத் தானே கண்டுபிடித்துவிடும். எதிர் எதிர்த் திசையில் இருவர் அளந்து சராசரி எடுத்தால் காற்றில் சாய்ந்த ராக்கெட்டின் பிழை குறையும்.

இரண்டு சுற்றுக்கும் நடுவே பத்து நிமிட ஓய்வு கிடைக்கும். கதை சொல்ல அதுவே நேரம். 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூர்ப் போரில் மைசூர்ப் படையின் இரும்புக் குழல் ராக்கெட்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் கலங்கடித்ததைச் சொல்லலாம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏறியபோது மீனவர் கிராமத்துத் தேவாலயம்தான் அலுவலகமாக இருந்தது, ராக்கெட்டைப் பொருத்தும் வேலையில் இருந்த இளைஞர்களில் ஒருவர் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் என்பதைச் சொல்லலாம். 2007 அக்டோபர் 10 அன்று சோயுஸில் ஏறிய மலேசியர் ஷேக் முஸபார் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்தவர். தெரியாத ஒன்றும் உண்டு. 2023 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மாவட்டத்துப் பட்டிப்புலத்திலிருந்து ஏறிய ராக்கெட் ஒன்று பள்ளி மாணவர்கள் சேர்ந்து செய்த 150 சின்னஞ்சிறு செயற்கைக்கோள்களைச் சுமந்து போனது. தங்களைப் போன்ற வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்தது என்று கேட்கும்போது, ஆறாம் ஆண்டுப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

பரிசு எதற்கு என்பதிலும் பட்டறையின் நோக்கம் வெளிப்பட வேண்டும். மிக உயரம் போனதற்கு ஒரு பரிசு இருக்கலாம், பிள்ளைகள் அதை எதிர்பார்ப்பார்கள். பெரிய பரிசு மட்டும் முதல் பறப்புக்கும் இரண்டாம் பறப்புக்கும் இடையே அதிகம் முன்னேறிய குழுவுக்கும், காரணத்தைத் தெளிவாக எழுதி வைத்த குழுவுக்கும் போகட்டும். காலையில் குட்டிக்கரணம் அடித்த ராக்கெட்டே அதை வெல்லும் வாய்ப்பு அதிகம்.

குறிப்புத் தாள்களைப் பள்ளியில் கோப்பாக வைத்தால் அடுத்த ஆண்டுக் குழு அங்கிருந்து தொடங்கலாம். 'சிறகு பெரிசாக்கினோம், 12 மீட்டர் கூடியது' என்று போன ஆண்டு அக்காமார் எழுதியதைத் தம்பிகள் படிக்கும்போது அவர்களுக்குப் புதுக் கேள்வி பிறக்கும். தமிழ்ப்பள்ளிகளுக்கு அறிவியல் விழாக்கள் நடத்தும் 'அஸ்தி' போன்ற அமைப்புகளின் மேடைக்கு இந்தத் தாள்களையே ஆய்வாக வளர்த்துக் கொண்டுபோகவும் முடியும். பட்டறை முடிந்ததும் போத்தல்களைப் பிரித்து மறுசுழற்சிப் பெட்டியில் போட வேண்டும். ஏவுதளத்தின் ரப்பர் வளையத்தைக் கழற்றி உலர்த்தி வைக்க வேண்டும். அடுத்த பட்டறைக்கு முன் கேபிள் டைகளைப் புதிதாக மாற்ற வேண்டும். வெயிலில் காய்ந்தவை கயிறு இழுக்கும் நேரத்தில் முறியும்.